முதல்முறையாக மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறேன்: சாவி கொடுக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

#1 மாடிப்படி

சென்னையை ஒட்டிய சேலையூரில் தனி வீடு. கீழே நாங்கள், மேலே 850 சதுர அடி போர்ஷன். இரண்டு பெட்ரூம், வெளிப்பக்கம் தனிப் படிக்கட்டு. கார் நிறுத்த இடமில்லை, இரண்டு பைக் நிற்கும். கரண்ட் இணைப்பு ஒன்றுதான், மேலே சப்-மீட்டர் போடலாம் என்று யோசனை. தெருவில் இதே அளவு வீடுகள் 14 முதல் 16 ஆயிரம் வரை போகின்றன.

கேள்விகள்: அட்வான்ஸ் 10 மாசம் கேட்கலாமா? 11 மாத அக்ரிமென்ட் போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதுமா? குடிவைக்கும் முன் வீட்டில் என்ன வேலை முடிக்கணும்? வரி எப்படி? புரோக்கர் ஒருவர் "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். அதுதான் கொஞ்சம் உதைக்கிறது.

#2 சட்டப்புள்ளி

உதைக்கத்தான் வேண்டும். அக்ரிமென்டை நீங்களே வாசித்து, நீங்களே திருத்துங்கள். புரோக்கர் கையில் இருக்கும் படிவம் பெரும்பாலும் இருபது வருஷப் பழசு. பேரையும் தொகையையும் மட்டும் மாற்றி அடிப்பார்கள்.

10 மாத அட்வான்ஸ் பழைய சென்னை வழக்கம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தரணும். மூன்று மாதத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைத் தொடாமல் எஃப்டியில் போடுங்கள். அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு, "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்று சொல்லும் இடத்தில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

11 மாதக் கதைக்கு வருவோம். 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகணும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதம். அதில் தப்பில்லை. ஆனால் பலரும் இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2017 சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் கட்டாயம். இது சார்பதிவாளர் வேலை இல்லை, தனி. அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் வரும். அந்த எண் இல்லாத அக்ரிமென்டோடு வாடகை நீதிமன்றம் போனால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

முத்திரைத்தாள்: 20 ரூபாய்க் காலம் முடிந்தது. 2024 மே முதல் சாதாரண ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய். இரண்டு அசல் போடுங்கள். அவருடையதை 15 நாளுக்குள் அவர் கையில் கொடுத்துவிடணும்.

#3 வயர்மேன்_தாம்பரம்

பேப்பர் வேலை அப்புறம். சப்-மீட்டர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடி கட்டும்போது கீழ் வயரிங்கிலிருந்தே இழுத்திருப்பார்கள், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கலந்திருக்கும். அப்படி இருந்தால் சப்-மீட்டர் தப்பாக ஓடும், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணமே இல்லாமல் டிரிப் ஆகும், நீங்கள் கீழே ஏசி போட்டதற்கு மேலே இருப்பவர் காசு கட்டுவார்.

கண்டுபிடிக்க வழி: மேல்மாடி மெயினை ஆஃப் பண்ணுங்க. கீழே லைட், ஃபேன் எல்லாம் ஓடட்டும். எதாவது ஒன்று அணைந்தாலும் லைன் கலந்திருக்கு. சப்-மீட்டரில் சிவப்பு லைட் மின்னினாலும் கலந்திருக்கு. அடுத்து, கீழ் மெயினை ஆஃப் பண்ணி மேலே இதையே பாருங்க.

மீட்டர் சரியா ஓடுதான்னு பார்க்க: முகப்பில் "3200 இம்ப்" என்று போட்டிருந்தால் 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். மேலே எல்லாத்தையும் அணைச்சிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் பக்கெட்டில் போட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 53 பக்கம் வரணும். வோல்டேஜ் கூடக் குறைய இருந்தால் நாலஞ்சு முன்னே பின்னே போகும். 70, 80 வந்தால் அந்த மீட்டரைத் தூக்கிப் போடுங்க. வர்றவர் முன்னாடியே இதைச் செஞ்சு காட்டினால் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வர்ற வாக்குவாதமே இருக்காது.

மத்தது: ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழணும். 30 மில்லி ஆம்பியர் இல்லாத வீட்டில் ஆளைக் குடிவைக்காதீங்க. கீசருக்கு 2.5 சதுர மி.மீ. வயர், 1.5 டன் ஏசிக்கு 4. பெட்ரூமில் 1.5 வயரில் 16 ஆம்பியர் சாக்கெட் மட்டும் மாட்டி வைத்திருந்தால், வர்றவர் நம்பி ஏசி போடுவார், சுவருக்குள் வயர் உருகும்.

#4 மாடிப்படி

மிக்க நன்றிண்ணே. சப்-மீட்டரா, புது இணைப்பா என்பதிலேயே குழப்பம். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்களே?

#5 கணக்குப்பிள்ளை

வாங்குகிறார்கள் என்பதற்காக நீங்களும் வாங்க வேண்டியதில்லை. முடிந்தால் தனி இணைப்பே வாங்கிவிடுங்கள். தனிப் படி, தனிச் சமையலறை இருப்பதால் தனிக் குடியிருப்பு என்று காட்டுவது சிரமமில்லை.

வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த நூறை இருவரும் பங்கு போடணும். அதைவிடப் பெரிய அடி 500-இல் இருக்கிறது. மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை மலிவு விகிதம் உண்டு. 501 ஆனால் அட்டவணையே மாறி அந்த மலிவுப் படி காணாமல் போகும், மேலே ஏற ஏற விகிதமும் ஏறும். தனித்தனியாக 280 யூனிட் ஓட்டும் இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் 560 ஆகி, இருவருமே அதிகம் கட்டுவார்கள்.

தனி இணைப்பு வரும்வரை சப்-மீட்டர்தான் என்றால் விகிதாசாரமாகப் பிரியுங்கள். மொத்தம் 520 யூனிட், அவருடையது 210 என்றால், பில் தொகை × 210 ÷ 520. பில்லை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பொது மோட்டார் உங்கள் மீட்டரில் ஓடினால் அதற்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். குடிவந்தவர் கரண்ட் அதிகம் ஓட்டினால் மின்வாரியம் பிறகு "கூடுதல் டெபாசிட்" என்று பில்லில் சேர்க்கும். அது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குச் சேரும் பணம், அதனால் உங்கள் பொறுப்பு. அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டினால் காலி பண்ணும்போது அவர் திருப்பிக் கேட்பார், நியாயமாகத்தான்.

#6 பெருங்களத்தூர்_பழைய_ஆள்

வாடகையை எவ்வளவு வைப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 15 சொல்லி 14,500-க்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் நீங்கள் காப்பாற்றுவது வருஷத்துக்கு 6,000. வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால் போவது 15,000.

மாசத்தையும் பாருங்கள். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். பார்க்க வருவார்கள், டோக்கன் அட்வான்ஸ்கூட கொடுப்பார்கள், குடிவருவது ஆவணியில்தான். புரட்டாசியும் மார்கழியும் மந்தம். நன்றாக ஓடுவது பள்ளிக்கூடம் முடிந்த ஏப்ரல், மே. ஆனி முடிவதற்குள் ஆள் பிடிக்காவிட்டால் ஒரு மாசம் அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாசத்தில் பெயிண்ட் அடித்துவிடலாம்.

"சைவம் மட்டும்", "பேச்சுலர் கிடையாது", "நாலு பேருக்கு மேல் கூடாது" என்று டு-லெட் போர்டில் வரிசையாக எழுதாதீர்கள். படியேற வேண்டிய பாதிப்பேர் ஏறமாட்டார்கள். வீடு ஏன் போகவில்லை என்று பிறகு புரோக்கரைத் திட்டுவதில் பயனில்லை.

#7 குடித்தனக்காரி

வீட்டுக்காரங்களே பேசிட்டிருக்கீங்க, குடியிருக்கிறவங்க பக்கமிருந்து ஒரு கேள்வி. காலி பண்ணும்போது "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று பிடிக்கிறீங்களே, அது எந்தச் சட்டத்தில் இருக்கு? மூணு வருஷம் குடியிருந்தா சுவர் மங்கத்தானே செய்யும்?

#8 சட்டப்புள்ளி

சரியான கேள்வி மேடம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வேலைகளைப் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அதுதான் கணக்கு. கட்டட அமைப்பில் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். டேப் வாஷர், டேப் மாற்றுவது, வடிகால் அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் தலையில்.

அதாவது, எதுவுமே எழுதாமல் கடைசி நாளில் "வழக்கம்" என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நிற்காது. எழுதியிருந்தால் நிற்கும். மாடிப்படி சார், என்னைக் கேட்டால் இப்படி எழுதுங்கள்: 24 மாதத்துக்குள் காலி செய்தால் பெயிண்டிங்குக்கு இவ்வளவு ரூபாய், அதற்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை. மூன்று வருஷம் வாடகை வாங்கிய பிறகு சுவர் அழுக்குக்குக் காசு கேட்பது எனக்கு அழகாகப் படவில்லை.

கீசர் பழுது அவர் பொறுப்பு என்று அட்டவணை சொன்னாலும் எட்டு வருஷக் கீசரை வைத்துவிட்டு அதைக் காட்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் டேங்க் அரித்து ஒழுகினால் புதுசு நீங்கள்தான் போடணும். எலிமென்ட், தெர்மோஸ்டாட் போனால் அவர். இப்படிப் பிரித்து எழுதுங்கள்.

#9 பெருங்களத்தூர்_பழைய_ஆள்

பிளம்பிங்குக்கு நான்கு சோதனை. கீழே நீங்கள் குடியிருப்பதால் இதில் அலட்சியம் வேண்டாம், ஒழுகினால் உங்கள் தலையில்தான் சொட்டும்.

பாத்ரூம் தரை: வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழ் சீலிங்கில் ஈரம் படர்ந்தால் டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி அடைக்கணும், அதற்கும் நிற்காவிட்டால் தரையை உடைத்து வாட்டர்ப்ரூஃபிங். ஆள் வந்த பிறகு இந்த வேலை பண்ணவே முடியாது.

ஃபிளஷ் டேங்க்: துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துச் சொட்டு டேங்கில் விட்டு 15 நிமிஷம் தண்ணீர் அடிக்காமல் விடுங்கள். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் உள் ரப்பர் போச்சு. ராத்திரி முழுக்கக் கசிந்தால் காலையில் மாடித் தொட்டி காலி, நீங்கள் மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள்.

தொட்டி: இரவு பத்து மணிக்கு நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, காலை ஐந்து மணிக்குப் பாருங்கள்.

வடிகால்: சிங்க், வாஷ்பேசின், இரண்டு பாத்ரூம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிஷம் திறந்துவிட்டு, கீழ்ச் சேம்பர் மூடியைத் திறந்து ஓட்டத்தைப் பாருங்கள். தேங்கினால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

#10 மாடிப்படி

சொட்டு நீலத்துக்குத் தனியா ஒரு கும்பிடு :) ஆளை எப்படிச் சரிபார்ப்பது? ஆதார் நகல் வாங்கினால் போதுமா?

#11 சட்டப்புள்ளி

போதாது. ஆதார் அவர் யார் என்று சொல்லும், வாடகை கொடுப்பாரா என்று சொல்லாது. வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இப்போது இருக்கும் வீட்டுக்காரர் போன் நம்பர் வாங்குங்கள். போன் பண்ணுங்கள். கேட்க வேண்டியது "ஆள் எப்படி?" என்று அல்ல. "எத்தனை தேதிக்கு வாடகை போடுவார், ஏன் காலி பண்றார்?" என்று கேளுங்கள். ஒரு தடவையாவது நேரில் குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். 18 வயதுக்கு மேல் அங்கே தங்கப்போகும் எல்லார் பேரும் அக்ரிமென்டில் வரணும்.

பகுதிக் காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரத்தைப் போட்டோவோடு கொடுத்து நகலில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் குடியேற்றத் துறைக்குப் போகணும், தனி வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.

இரண்டு மோசடி நடமாடுகிறது. முதலாவது: இணையத்தில் விளம்பரம் போட்ட மறுநாள் "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகி வருகிறேன், வீட்டைப் பார்க்க வேண்டாம், அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்று போன் வரும். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும், "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் ஏறிடும்" என்பார். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பின் போட்ட நொடியில் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

இரண்டாவது கொடூரமானது. ஒருவர் அல்லது ஒரு "நிறுவனம்" வந்து கேட்ட வாடகைக்கு மேலேயே கொடுத்து எடுக்கும். நீங்கள் உள்ளூரில் இல்லாவிட்டால் இன்னும் சந்தோஷம். அவர்கள் அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்கு ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று போக்கியத்துக்கு (மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகைக்கு) விட்டுவிடுவார்கள். நான்கைந்து மாதம் உங்களுக்கு வாடகை ஒழுங்காக வரும், பிறகு போன் எடுக்கமாட்டார்கள். வீட்டில் இருக்கும் குடும்பமோ "நாங்க எட்டு லட்சம் குடுத்திருக்கோம், எங்க போறது?" என்று நிற்கும். அவர்களும் ஏமாந்தவர்கள்தான். அதனால் உள்வாடகை கூடாது என்று எழுதுங்கள், ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். குடிவந்த பத்து நாளில் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய், யார் இருக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். உள்ளே போவதற்கு 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்லணும், வாட்ஸ்அப் போட்டுவிட்டுப் போங்கள்.

#12 மதுரை_மாசிவீதி

போக்கியம்னு பேச்சு வந்ததால கேக்கேன். எங்க ஊர்ப் பக்கம் ஒத்திக்கு விடுறது சகஜம். மொத்தமா அஞ்சு லட்சம் வாங்கிட்டா மாச வாடகைக்கு அலைய வேண்டாம்ல?

#13 சட்டப்புள்ளி

அண்ணே, வாங்கும்போது இனிக்கும். ஒத்தி என்றால் சட்டப்படி அது சுவாதீன அடமானம், 100 ரூபாய்க்கு மேல் போனாலே பதிவு செய்த பத்திரம் வேணும். பத்து ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கைமாற்றுவது இரண்டு பேருக்கும் ஆபத்து. வீட்டுக் கடன் ஓடினால் வங்கி அனுமதியும் வேணும்.

அதைவிட முக்கியம், மூன்று வருஷம் கழித்து அஞ்சு லட்சத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கணும். கையில் இல்லாவிட்டால் அவர் காலி பண்ணமாட்டார், பண்ண வேண்டியதுமில்லை. அடுத்தவரிடம் வாங்கி இவருக்குக் கொடுக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வீடு சிக்கிக்கொள்ளும்.

#14 வளைகுடா_வாசி

எல்லாரும் 12 வருஷம் இருந்தா வீடு அவனுக்கே சொந்தம் என்கிறார்களே? அதனால ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ முகவரி மாத்த விடாதீங்கன்னு சொல்றாங்க. நமக்குப் பின்னாடி வம்பு வருமா?

#15 சட்டப்புள்ளி

டீக்கடைச் சட்டம். 12 வருஷக் கணக்கு, உரிமையாளரின் உரிமையை மறுத்து, அனுமதி இல்லாமல், வெளிப்படையாக ஆண்டு வருபவருக்கு. வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியில் இருப்பவர், எத்தனை வருஷம் ஆனாலும் அனுமதிதான். ஒப்பந்தமும் வங்கி வழி வாடகையும் இருந்தால் கவலை வேண்டாம். ஆபத்து எப்போது என்றால், எழுத்து இல்லாமல், வாடகையும் வாங்காமல், "சும்மா பாத்துக்கட்டும்" என்று விட்டுவிடும்போது.

ரேஷன் கார்டு, ஆதார், சிலிண்டர், வாக்காளர் பட்டியல் எதற்கும் முகவரி மாற்ற விடுங்கள். அதில் உரிமை பிறக்காது. யோசிக்க வேண்டியது வேறொன்று: "ஜிஎஸ்டி பதிவுக்கு உங்க ஆட்சேபனையின்மைக் கடிதமும் கரண்ட் பில்லும் வேணும்" என்று கேட்டால், வீட்டில் என்ன தொழில் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். போலிக் கம்பெனிகளுக்கு முகவரி அப்படித்தான் கிடைக்கிறது. நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வரும்.

#16 வயர்மேன்_தாம்பரம்

தொழில்னு சொன்னீங்களா, அதோட இதையும் சேர்த்துக்குங்க. வீட்டு இணைப்பில் கடை, ஆபீஸ் நடத்தினால் மின்வாரியம் வணிகக் கட்டணத்துக்கு மாத்தி, பழசையும் சேர்த்துப் போடும். பில் உங்க பேர்ல. "குடியிருக்க மட்டும்" என்று அக்ரிமென்டில் ஒரு வரி.

#17 கணக்குப்பிள்ளை

வரிக்கு வருகிறேன். மாதம் 15,000 என்றால் வருஷம் 1,80,000. அந்த வருஷம் நீங்கள் உண்மையில் கட்டிய சொத்துவரியைக் கழிக்கலாம், 6,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,74,000. இதில் 30 சதவீதம், அதாவது 52,200, பில் எதுவும் காட்டாமலே கழியும். வரிக்குரிய வருமானம் 1,21,800. மாடிக்குப் பெயிண்ட் அடித்தது, மோட்டார் மாற்றியது என்று தனியாகக் கழிக்க முடியாது, அதெல்லாம் அந்த 30-க்குள் அடக்கம். அந்த வீட்டுக்குக் கடன் இருந்தால் வட்டியும் கழியும், ஆனால் புது வரி முறையில் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் தள்ள முடியாது.

வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் குடியிருப்பவர் வீட்டு வாடகைப்படி கழிவுக்கு உங்கள் பான் நம்பர் கேட்பார். கொடுங்கள். "பான் தரமாட்டேன், பாதியை ரொக்கமாகக் கொடு" என்று பேரம் பேசுபவர்களுக்கு வாடகை பாக்கி விழும்போது கையில் ஆதாரமே இருக்காது.

வீடு கணவன், மனைவி இருவர் பேரிலும் இருந்தால் பங்கின்படி இரண்டு கணக்கில் வாடகை போடச் சொல்லுங்கள். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, விடாதீர்கள்.

வளைகுடா_வாசிக்கு: நீங்கள் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு. வாடகை எவ்வளவு சின்னதானாலும் குடியிருப்பவர் 31.2 சதவீதம் டிடிஎஸ் (வாடகையிலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்து, டான் நம்பர் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுத்துக் கட்டணும். உள்ளூரில் இருப்பவருக்கு மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால்தான் டிடிஎஸ், அதுவும் 2 சதவீதம். இதைச் சொல்லாமல் குடிவைத்தால் பிற்பாடு மாட்டுவது அவர். வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி. வாடகை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும்.

#18 மாடிப்படி

ஒருவேளை வாடகை கட்டாமல் இழுத்தால்? கீழேயே இருப்பதால் மோட்டாரை நிறுத்தினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

#19 சட்டப்புள்ளி

செய்யாதீர்கள். தண்ணீர், கரண்ட் நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் போனால் முதல் உத்தரவு உங்களுக்கு எதிராக வரும். பூட்டை மாற்றுவதும் அப்படியே. கையில் பலமான வழக்கு இருந்தும் இந்த ஒரு காரியத்தால் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

சரியான வழி: 5-ஆம் தேதி தாண்டினால் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல். இரண்டு மாதம் சேரும்வரை காத்திருக்காமல், முதல் மாதம் முடிந்ததுமே பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். தபால் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகும் கட்டாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி வாடகை நீதிமன்றம். மூன்று மாத அட்வான்ஸ் இந்தக் காலத்தைத் தாங்கத்தான். மூன்றும் கழிந்து நான்காவது மாதம் யோசித்தால் தாமதம்.

வாடகை உயர்வும் வாயால் சொல்வதில்லை. 11 மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது 5 சதவீதம் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நடுவில் ஏற்றுவதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுக்கணும். காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் ஓட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. காலண்டரில் பத்தாவது மாதத்தில் குறித்து வையுங்கள்.

#20 பெருங்களத்தூர்_பழைய_ஆள்

சாவி கொடுக்கும் அன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவரும் கூட இருக்க, போனில் ஒரே வீடியோவாக வாசலிலிருந்து எடுங்கள்: ஒவ்வொரு சுவர், சீலிங் மூலை, கதவின் இரு பக்கம், சிங்க் அடிப்பகுதி, ஜன்னல் கண்ணாடி, கடைசியில் மீட்டர் ரீடிங். மீட்டரில் கேவிஏ, வோல்ட் என்று எண்கள் மாறி மாறி ஓடும். "கேடபிள்யூஎச்" வரும்வரை காத்திருந்து எடுங்கள். இல்லாவிட்டால் வோல்டேஜைப் படம் பிடித்து வைத்திருப்பீர்கள். வீடியோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்துக்கொண்டேன்" என்று ஒரு பதில் வாங்குங்கள்.

பிறகு ஒரு தாளில் பொருட்கள்: ஃபேன் 4, எல்இடி 7, கீசர் 1, எக்ஸாஸ்ட் 2, சாவி எத்தனை செட். ஃபேன் கம்பெனிப் பேரையும் எழுதுங்கள். நல்ல ஃபேனைக் கழற்றி மட்டமானதை மாட்டிவிட்டுப் போனால் "4 ஃபேன்" சரியாகத்தான் இருக்கும்.

#21 குடித்தனக்காரி

அந்த வீடியோ எங்களுக்கும்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு எங்ககிட்ட காசு கேக்க முடியாதே. அதோட ஆணி விஷயத்தையும் எழுதிடுங்க. சாமி படம், கடிகாரம், டிவி மாட்டாம யாரும் வீட்டில் இருக்க முடியாது. "ஆணியே கூடாது" என்பதற்குப் பதில், எந்தச் சுவரில் எத்தனை துளை, டிரில் போட்டு ரால் பிளக் வைக்கணும் என்று சொல்லிடுங்க. சுத்தியலால் அடிச்சாத்தான் பூச்சு பெயரும்.

#22 கணக்குப்பிள்ளை

காலி பண்ணும்போது வரும் கரண்ட் கணக்கையும் இப்போதே எழுதிவிடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அவர் போவதோ நடுவில். போன கணக்கெடுப்புக்குப் பிறகு அவர் 300 யூனிட் ஓட்டிவிட்டுப் போகிறார், அடுத்து வந்தவர் 100 ஓட்டுகிறார் என்றால் பில் 400-க்கு வரும். 300-க்குத் தனியாகக் கணக்குப் போட்டு வாங்கினால் இலவச நூறு முழுக்க முன்னவருக்குப் போய், பின்னவர் ஏமாறுவார். பில் வரும்வரை அட்வான்ஸில் ஒரு சிறு தொகையை நிறுத்தி, வந்ததும் 300-க்கு 100 என்ற விகிதத்தில் பிரியுங்கள். மீதியை ஒரு மாதத்துக்குள் அனுப்பி, பிடித்தம் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

#23 மாடிப்படி

எல்லாருக்கும் நன்றி. தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அதற்குள் நியூட்ரல் சோதனை. கடைசியாக ஒன்று. வந்து பார்த்த ஒரு குடும்பத்துக்குப் பிடித்துவிட்டது. 27-ஆம் தேதி நல்ல நாள், பால் காய்ச்சிட்டு 1-ஆம் தேதி சாமான் ஏற்றுகிறோம் என்கிறார்கள். வாடகை எந்தத் தேதியிலிருந்து?

#24 பெருங்களத்தூர்_பழைய_ஆள்

1-ஆம் தேதியிலிருந்து. பால் காய்ச்ச நாலு நாளுக்கு வாடகை கேட்காதீர்கள், அது மரியாதையும் இல்லை. ஆனால் 27-ஆம் தேதிக்கு ஒரு செட் சாவி மட்டும் கொடுத்து, பால் காய்ச்சியதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அக்ரிமென்ட் கையெழுத்தும் முழு அட்வான்ஸும் முடியாமல் சாமான் ஏறக்கூடாது. ஆட்டோவில் சாமான் வந்து இறங்கிய பிறகு "மீதி அட்வான்ஸ் அடுத்த வாரம்" என்றால் யாராலும் மறுக்க முடியாது.

#25 சட்டப்புள்ளி

வழிமொழிகிறேன். கேஸ் அடுப்பில் பால் பொங்கும்போது எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.